கூட்டில் கட்டிய கறுப்புத் துணி

"கெசையாம்மா, சோப்பைக் கீழ வைங்க. உங்க ஏமஸைப் பிடிச்சு வச்சிருக்கோம்," என்றார் கான்ஸ்டபிள் டிக்கன். "கிழவர் ஓபதையாவை யாரோ மண்வெட்டியால அடிச்சுக் கொன்னுட்டாங்க. முந்தின நாள் அவர்கூடச் சண்டை போட்டது உங்க மகன்தானே?"

சலவைக்காரி கெசையா கையைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் எது களவு போனாலும் அவளிடம்தான் கேட்போம். அழுக்குத் துணி பொய் சொல்லாது என்பாள். கொலை வந்தது இதுதான் முதல்தடவை, அதுவும் அவள் தலையிலேயே வந்து விழுந்தது. மகனுக்குத் தூக்கு நிச்சயம் என்று ஊரே பேசியது.

ஓபதையா வீட்டு வாசலில் டார்கஸ் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கிழவரின் தம்பி மகள், அவர் வீட்டையும் தேனீக்களையும் பார்த்துக்கொண்டவள். கெசையாவுக்குச் சிறுவயதுத் தோழி. ஏமஸுக்கு ஞானத்தாய்.

"நம்ம புள்ள செய்யலடி! வா, ரெண்டு பேருமாக் கண்டுபிடிப்போம். வேலி உடைஞ்சிருக்கு பாரு, எவனோ நாடோடிப் பய!"

"அது போன வருஷமே உடைஞ்சது. நீ எப்பப் பார்த்த அவரை?"

"விடியக்காலம் கொட்டின மழை விட்டதும் டீ கொண்டுபோனேன். கொட்டகையில கிடந்தார். கத்தினேன், ஊரே வந்துச்சு. அப்புறம்தான் தேனீக்களுக்குச் சொல்லித் துணி கட்டினேன்."

வீட்டில் சாவு விழுந்தால் வீட்டுச் சாவியால் தேன்கூட்டைத் தட்டிச் சொல்லி, கறுப்புத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். சொல்லாவிட்டால் ஈக்கள் செத்துப்போகும். ராணி விக்டோரியாவே வந்து வேண்டாமென்றாலும் விடமாட்டோம்.

கெசையா தோட்டத்துக்குப் போனாள். வைக்கோலால் பின்னிய தேன்கூடுகளின்மேல், கட்டியிருந்த துணியிலிருந்து கறுப்புச் சாயம் கோடுகோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. ஒரு கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"டிக்கன், மழை விட்டப்புறம் தூறலாவது போட்டுச்சா?"

"ஒரு சொட்டு இல்லையே."

"ஏமஸ் இந்தப் பக்கம் போனதைப் பார்த்ததாச் சொன்னது யாரு?"

டிக்கன் டார்கஸைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாவுத்துணிச் சாயம் தண்ணி பட்டா ஒழுகும், துவைக்கிறவ எனக்குத் தெரியாதா? இது மழையில நனைஞ்சிருக்கு. மழைக்கு முன்னாடியே யாரோ கட்டியிருக்காங்க. அப்ப அவர் செத்தது கொன்னவங்களுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுச் சாவி உன் இடுப்புலதானே இருக்கு, டார்கஸ்?"

டார்கஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியப்பா புதுசாக் கட்டிக்கப் போறவளுக்குத் தேனீன்னா பயமாம். எல்லாக் கூட்டுக்கும் கந்தகப் புகை போட்டுக் கொன்னுடுவேன்னார். நான் வளர்த்ததுகடி... எனக்கு வேற யாரு இருக்கா?"

"நான் இருந்தேன்," என்றாள் கெசையா. "ஈ செத்துடுமேன்னு மழைக்கு முன்னாடி ஓடிப்போய்ச் சொன்ன. ஏமஸ் தூக்குல தொங்குவானேன்னு தோணலையா? நீ தூக்கி வளர்த்த புள்ளைடி அவன். ஈக்கிட்ட சொன்னதை என்கிட்ட சொல்ல வாய் வரலை."

டிக்கன் கையைப் பிடித்து எழுப்பியபோது, டார்கஸ் இடுப்புச் சாவியை அவிழ்த்து நீட்டினாள். "நான் போயிட்டேன்னு அதுகளுக்கு நீயாவது சொல்லிடு."

கெசையா கையை நீட்டவில்லை. சாவி புல்லில் விழுந்தது. அவள் அதைத் தாண்டி, மகனை அழைத்துவர நடந்தாள்.