வாலில் நடப்பவன்

அவள் இழுப்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

மதியத்துக்குமேல் மலைமுகட்டை மூடிவிட்ட பனிமூட்டத்துக்குள், கோடைமுகாமுக்கு வந்த பதின்வயதுப் பிள்ளைகளை ஒற்றைக் கயிற்றில் கோத்து நடத்திக்கொண்டிருந்தாள் வழிகாட்டி. முன்னால் அவள். வாலில் அவளுடைய தம்பி. நடுவில் பிள்ளைகள், ஆளுக்கொரு சுருக்கில் மணிக்கட்டை நுழைத்தபடி. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மூட்டத்தில் நடக்க அவளே வகுத்த முறை ஒன்று இருந்தது. அவள் ஒருமுறை இழுப்பாள். அது கைமாறி வாலுக்குப் போகும். எல்லாரும் இருந்தால் தம்பி இருமுறை இழுப்பான். கத்தக் கூடாது, குரல் திசையைக் குழப்பும். திரும்பிப் பார்க்கக் கூடாது, கால் வழுக்கும்.

அவள் கை இப்போது சும்மாதான் இருந்தது. கயிறு இருமுறை இழுபட்டது.

குறும்பு, என்று நினைத்தாள். காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போதே வாலில் நடக்கமாட்டேன் என்று முரண்டு பிடித்தவன் அவன். நேற்றிலிருந்து யாரோ பின்னாலேயே வருகிறார்களாம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"உன் பின்னால வரணும்னு யாருக்குடா தலையெழுத்து?" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். அவனைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் அழைத்து வந்திருந்தாள்.

தம்பிக்கு முன்னால் நடந்த பெண்ணுக்கு வாயாடி என்று பட்டப்பெயர். பேசக் கூடாது என்றதால் மூக்காலேயே ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். ஈரமான பாறை வாசனையும், பிள்ளைகளின் வியர்வையும், காலணிகளுக்கடியில் சரளை நெரிபடும் சத்தமும், எல்லாவற்றுக்கும் பின்னால் மெல்லிய இழையாக அந்த முனகலும் வந்துகொண்டேயிருக்க, அது பாட்டின் நடுவில் நின்றது. நனைந்த துணியைக் கல்லில் அடித்ததுபோல் ஒரு சத்தம். பள்ளத்தில் கற்கள் உருண்டன.

அவள் கயிற்றை இழுத்தாள். உடனே பதில் வந்தது. இருமுறை. நிதானமாக.

அவளுக்கு மூச்சு வந்தது. நடந்தாள். மறுபடியும் துணி அடிபடும் சத்தம், இம்முறை சற்று அருகில். சரளைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. திரும்பிப் பார்க்கத் துடித்தது கழுத்து. ஒருத்தி தடுமாறினால் கயிற்றில் இருக்கும் அத்தனை பேரும் பள்ளத்துக்குத்தான்.

அவளை ஒட்டி வந்த குட்டையன் கிசுகிசுத்தான். "அக்கா, கயிறு ஈரமா இருக்கு."

"பனிடா. பேசாம நட."

"சூடா இருக்குக்கா."

அவள் நடையை எட்டிப்போட்டாள். வெள்ளைக்குள் தங்குகுடிலின் தகரக்கூரை தெரிந்தது. கயிறு லேசாகிவிட்டிருந்தது. இத்தனை பேர் தொங்கும் கயிறு இப்படி லேசாக வராது. இழுத்தாள். இருமுறை பதில். அவள் பின்கழுத்தில் எதுவோ தெறித்து, சட்டைக்குள் வழிந்தது. சூடாக.

குட்டையனின் மூச்சுச் சத்தம் இல்லை.

குடிலின் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

யாருமில்லை. வெள்ளைக்குள் போகும் கயிறு மட்டும்.

இழுத்தாள். சுருக்குகள் தரையில் உரசிக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே பிய்ந்தவை. சுருக்கு நழுவாமல் அவள் இறுக்கியது இறுக்கியபடி. குட்டையனின் நகம் கடித்த விரல்கள். வாயாடி பேனாவால் வரைந்த பூ. கடைசியாக ஒரு கை. சின்ன வயதில் அவள் கதவைச் சாத்தியபோது நசுங்கிய கட்டைவிரல்.

தம்பி.

அவனோடு கயிறு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அவள் போடாத ஒரு முடிச்சுக்கு அப்பால், அவள் கொண்டுவராத கயிறு ஒன்று மூட்டத்துக்குள் நீண்டு போனது.

தன் மணிக்கட்டுச் சுருக்கை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்த முடிச்சு இறுகிப்போயிருந்தது. முடியவில்லை.

கயிறு இருமுறை இழுபட்டது.

தரையில் கிடந்த அத்தனை கைகளும் ஒன்றாக விரல் மடக்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டன.