இருநூறு முட்டைக்கு ஒரு கம்பி

கயிற்றை இழுத்தான். ஜெனரேட்டர் இருமியது. மறுபடி இழுத்தான். ஒரு தடவை செருமிவிட்டு அடங்கிப் போனது.

கொட்டகைக்குள் இருநூறு வாத்து முட்டைகள். இன்று இருபத்தைந்தாம் நாள். இன்னும் மூன்று நாள் முப்பத்தேழு டிகிரி சூட்டில் இருந்தால் குஞ்சு. இல்லையென்றால்... அந்த 'இல்லையென்றால்' பக்கமே போக அவனுக்குத் துணிவில்லை. பொரிப்புப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் வெப்பமானி முப்பத்தாறைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினான். போர்டில் கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் தூக்கிவிட்டான். வெளியே ஓடிவந்து, மூன்றாம் முறையாகக் கயிற்றைக் கையில் சுற்றினான்.

"அதை இழுத்தீங்கன்னா நான் செத்தேன்."

குரல் வானத்திலிருந்து வந்தது. கோபம் இல்லை, பதற்றம் இல்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வது போன்ற குரல்.

நிமிர்ந்தான். கம்பத்து உச்சியில், இடுப்புப் பட்டையில் சாய்ந்தபடி ஒரு பெண். அவன் கொட்டகையிலிருந்து மேலே போன கம்பியின் முனை அவள் கையில் இருந்தது. மஞ்சள் தொப்பிக்குக் கீழே இரண்டு கண்கள்... இமைக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கயித்தை விடுங்க. மெதுவா... ஆங், அப்படித்தான். இப்ப உள்ள போய் மெயினை இறக்குங்க. கூப்பிட்டுப் பாத்தேன், ஆளைக் காணோம். நான் இறக்கிட்டுத்தானே ஏறினேன், யாரு தூக்கினது?"

"நான்தான்..."

"நல்ல காரியம்."

மெயினை இறக்கிவிட்டு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெனரேட்டர் ஓடியிருந்தால் அதன் மின்சாரம் பெட்டிக்கு மட்டுமா போயிருக்கும்? அதே போர்டு வழியாகப் பின்வாசலில் புகுந்து, கம்பியில் ஏறி, நேராக அவள் கைக்கு...

அவள் இறங்கி வந்தாள். நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"லைன்மேன் வருவார்னு சொன்னாங்க..." என்றான்.

"அவருக்குக் காய்ச்சல். நான் பக்கத்து ஊர் கரண்ட் ஆபீஸ். ஒரு நாள் பாத்துட்டு வான்னு அனுப்பினாங்க. கொட்டகைக்குப் பின்னாடி எமன் உக்காந்திருக்கான்னு யாரும் சொல்லல."

சொல்லிக்கொண்டே கம்பியைப் போர்டிலிருந்து பிரித்தாள். ஜெனரேட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, மாட்டினாள். ஒரே இழுப்பு. ஓடியது. அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"இது ரெண்டு நாள் தாங்கினா அதிகம். சரி, எர்த் குழி எங்க?"

காட்டினான். ஆணிகளை அடித்து, மீட்டரை வைத்துப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு ஓம். மண்ணோட தடை அஞ்சுக்குக் கீழ வரணும். கசியற கரண்டு மண்ணுக்குள்ள போகணும் சார், ஆளுக்குள்ள இல்ல. ரெண்டு கரண்டும் ஒண்ணா சேராம இருக்க ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சும் வாங்கி மாட்டுங்க. அதுவரைக்கும் இணைப்பு கிடையாது."

"மேடம், இது தற்காலிக இணைப்புதானே..."

தரிசு நிலத்துக்கு நிரந்தர இணைப்பு வர மாதக்கணக்கில் ஆகும். கட்டட வேலைக்குத் தரும் தற்காலிக இணைப்பைத்தான் நடையாய் நடந்து வாங்கியிருந்தான்.

"கரண்டுக்குத் தற்காலிகம் தெரியாது. ஒரு நொடி தொட்டாலும் முழுசாத்தான் தொடும்."

"முட்டை செத்தா யாரு பொறுப்பு?"

"நான் செத்திருந்தா?"

பைக்கில் ஏறிப் போனாள். கோபம் வரும் என்று காத்திருந்தான்... கண்கள்தான் வந்தன. அந்த இமைக்காத கண்கள்.

மறுநாள் காலைக்குள் சுவிட்ச் வந்துவிட்டது. கூடவே அவனுக்குப் புத்தியும் வந்திருந்தது. எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மேலே காய்ந்த மண்ணைத் தூவிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நின்றான்.

மீட்டர் நாலரை காட்டியது. அவள் மீட்டரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். குனிந்து ஒற்றை விரலால் மண்ணைக் கீறினாள்.

"குழி குளிச்சிருக்கு போல?"

"பனி..."

"குடத்துல வந்து இறங்கின பனி. தடம் தெரியுது பாருங்க."

அவன் காது சிவந்தது. "இது காஞ்சதும் மறுபடி முப்பத்தெட்டுதான் சார்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் மழை... தூறல் கூட இல்லாமல் ஒரேயடியாக இறங்கியது. இருவரும் கொட்டகைக்குள் ஓடினார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

"இப்ப அளந்துடுங்களேன். மழைக்கு நான் பொறுப்பில்ல" என்றான்.

சிரித்தாள். முதல் சிரிப்பு. இமை நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு முட்டையை எடுத்து டார்ச்சின் மேல் வைத்தான்.

"பாருங்க."

முட்டையின் அகன்ற முனையில் மட்டும் பிறை மாதிரி வெளிச்சம். அதன் கரையில் கறுப்பாக ஒரு நிழல்... அசைந்தது.

அவள் மூச்சை நிறுத்தினாள்.

"அலகு" என்றான் மெல்ல.

"நம்மளைப் பாக்குதா?"

"வெளிச்சத்தை. அப்படி ஒண்ணு இருக்கறதே அதுக்கு இப்பதான் தெரியும்."

அவள் முட்டைக்கு இன்னும் அருகே குனிந்தாள். "ஏழு வருஷமா கரண்ட் குடுக்கறேன்... யாருக்குக் குடுக்கறேன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

பிறகு கதவருகே போய் மழையினூடே கீழே கை காட்டினாள். "உங்க நிலம் முழுக்கப் பாறை. அந்தக் கிணத்தடி ஈரத்துல செப்புத் தண்டு ஒண்ணை இறக்கி, இங்க வரைக்கும் பட்டைக் கம்பி இழுத்தா வேலை முடிஞ்சுது."

"அது அண்ணன் பாகம்."

"கேளுங்க."

"மூணு வருஷமா பேச்சு இல்ல. பாகம் பிரிச்ச அன்னிக்கு, 'இந்தக் கல்லுலயாடா உன் வாத்து நீந்தும்'னு நாலு பேர் முன்னாடி சிரிச்சார். நீந்த வச்சுட்டுத்தான் அவர் முகத்துல முழிப்பேன்."

"நீந்தணும்னா முதல்ல பொறக்கணும்."

"என் கால் அந்த வரப்பைத் தாண்டாதுங்க."

"உங்க ரோஷத்துக்கு இதுங்க என்ன பண்ணுச்சு?"

பதிலுக்குக் காத்திராமல் மழைக்குள் இறங்கி நடந்தாள்.

அடுத்த நாள் காலையில் ஜெனரேட்டர் ஒரேயடியாக நின்றது. இருந்த கம்பளியையெல்லாம் பெட்டி மேல் போர்த்தினான். பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி உள்ளே அடுக்கினான். முப்பத்தைந்து... முப்பத்துநாலரை...

"வாடா, வந்து மண்ணை அள்ளு."

திரும்பினான். தோளில் கடப்பாரையோடு அண்ணன். பின்னால் செப்புத் தண்டோடு அவள்.

"அண்ணா..."

"அப்புறம் அழுதுக்கலாம். வா."

அவன் கால் வரப்பைத் தாண்டியதை அவனே கவனிக்கவில்லை. தோண்டினார்கள், கரியும் உப்பும் கொட்டினார்கள், பட்டைக் கம்பியை மேலே இழுத்தார்கள். நடுவில் கேட்டான்.

"எப்படிண்ணா திடீர்னு?"

அண்ணன் அவளைப் பார்த்தார். மீசை துடித்தது. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கு."

மீட்டர் மூன்று காட்டியது. "நல்ல மார்க்கா?" என்று அண்ணன் எட்டிப் பார்த்தார். அவள் கம்பத்தில் ஏறினாள். அவள் இறங்கும்வரை அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"இப்ப தூக்குங்க."

தூக்கினான். பெட்டிக்குள் விளக்கு எரிந்தது. விசிறி சுழன்றது. இத்தனை வருடம் பாம்பும் பல்லியும் மட்டும் குடியிருந்த அந்தக் கல்லாங்காட்டுக்குள், எங்கோ ஓர் ஆற்றிலோ உலையிலோ பிறந்த ஒன்று ஓசையில்லாமல் வந்து சேர்ந்துவிட்டது.

மூவரும் வெப்பமானியையே பார்த்தபடி நின்றார்கள். முப்பத்தாறு... முப்பத்தேழு...

அப்போதுதான் கேட்டது. கீச்... ஒரு முட்டைக்குள்ளிருந்து. கீச் கீச்... பக்கத்து முட்டையிலிருந்து பதில். பிறகு தட்டு தட்டாக, வரிசை வரிசையாக, பிறக்காத குரல்கள் ஒன்றையொன்று எழுப்பின. அண்ணன் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் கழித்து ஓடுகள் உடைந்தன. நூற்று எழுபத்தொரு குஞ்சுகள். அவள் வேலை முடிந்துவிட்டிருந்தது, ஆனாலும் வந்திருந்தாள். அண்ணியும் பார்க்க வந்தார். குஞ்சுகளைவிட அவளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"வேலையை மட்டும் விட்டுடாதேம்மா. எங்க வீட்ல ஒருத்தருக்கும் பியூஸ் போடத் தெரியாது."

சொல்லிவிட்டு, சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவள் முகம் சிவந்தது.

"அண்ணி ஏன் அப்படிச் சொல்றாங்க?" என்றான். "அண்ணன்கிட்ட என்னதான் சொன்னீங்க அன்னிக்கு?"

உள்ளங்கையில் ஒரு ஈரக் குஞ்சு. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"'நீ யாரும்மா அவனுக்கு'ன்னு கேட்டார். கரண்ட் ஆபீஸ்னு சொன்னா கதவைச் சாத்திடுவார்னு தோணுச்சு..."

"அதனால?"

"'கட்டிக்கப் போறவ'ன்னு சொல்லிட்டேன்."

"பொய்யா...?"

"எனக்குப் பொய் சொன்னா கை நடுங்கும்." நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் இப்போது மட்டும் இமைத்தன. "அன்னிக்கு நடுங்கல..."