உம் கொட்ட ஓர் ஆள்

ஜான்சன் ஒரு வரி முன்னதாகவே உம் கொட்டிவிட்டார்.

மெர்சி அந்த வரியை இன்னும் வாசிக்கவில்லை. படைத்தலைவன் பால் கிண்ணத்தைக் கையில் எடுக்கிற இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தாள். பாலில் விஷம் இருப்பது பக்கத்தைத் திருப்பினால்தான் தெரியும். அதற்குள் கட்டில் பக்கமிருந்து "ம்" என்று வந்தது, வயிறாரச் சாப்பிட்டவன் விடுகிற சத்தம் மாதிரி. இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவருக்கு இந்தப் புத்திகூட வராமலா போகும் என்று மெர்சி சிரித்துக்கொண்டாள். சிரித்தாளே தவிர, அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்க மனம் வரவில்லை.

அவளுக்குக் கதைப் பைத்தியம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் மெஷின் தைத்த இருபது வருஷமும் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு நாவல் இல்லாமல் கம்பெனி பஸ் ஏறியதில்லை. ராஜா காலத்துக் கதை, மூக்கைச் சிந்திக்கொண்டே படிக்கிற குடும்பக் கதை, கொலைகாரன் யாரென்று நகத்தைக் கடிக்க வைக்கிற கதை, எதையும் விடமாட்டாள். ஒன்றில் மூழ்கிவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. ஜான்சன் டேனரியிலிருந்து வந்து, தோல் வாடை போகக் குளித்துவிட்டு, அந்தக் குழம்பைப் பிசைந்தபடியே "அப்புறம் இன்னா ஆச்சு?" என்பார். புத்தகத்தைத் தொடாத மனுஷன். அவள் சொல்லச் சொல்ல உம் கொட்டியே ஊரிலுள்ள கதையெல்லாம் கேட்டு முடித்தவர்.

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவரைக் கட்டிலில் போட்டது. கண் மட்டும்தான் அசையும். வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், தினமும் அவரிடம் பேசுங்கள், தொண்டையில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள், சத்தம் வந்தால் அங்கே அதிரும், அது வந்துவிட்டால் பேச்சும் வரும் என்று சொல்லி அனுப்பினாள். நாளெல்லாம் பேச மெர்சியிடம் என்ன இருக்கிறது? வேலையை விட்டுவிட்டு, வாசிக்க ஆரம்பித்தாள். ஐந்தாம் மாதம், ஒரு கொலைக் கதையின் நடுவில், அந்த முதல் "ம்" வந்தது. புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தொண்டையில் விரல் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் காதில் கேட்டாயிற்றே.

மகள் கிறிஸ்டினாவுக்கு மட்டும் அது ஒருநாளும் கேட்டதில்லை. "நான் வூட்ல இருக்கறப்ப வர்றதே இல்லியேம்மா," என்பாள். கம்பெனியில் நின்று நின்று கால் வீங்கி வருகிற பெண், அவளுக்கு எங்கே பொறுமை என்று மெர்சி விட்டுவிடுவாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், புதிதாக எடுத்த ஒரு குடும்பக் கதையின் கடைசி அத்தியாயத்துக்கு வந்திருந்தார்கள். நாலு மணிக்கே இருட்டிக்கொண்டு மழை பிடித்திருந்தது. தகரக் கூரையில் விழுகிற மழைச் சத்தமும், தண்டவாளத்தில் நிற்காமல் போகிற ரயிலின் நீண்ட கூவலும், சாக்கடை பொங்கி வாசல்வரை வந்துவிட்ட டேனரிச் சுண்ணாம்புத் தண்ணீரின் நெடியும் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. உப்புப் போடாமல் ஒருநாள் கிடந்த பச்சைத் தோலின் வாடை. அது ஜன்னலிலிருந்து வரவில்லை.

குடும்பக் கதை என்றால் ஜான்சன் அவ்வளவாக உம் கொட்டமாட்டார். இதை அவள் முன்பே கவனித்திருந்தாள். கல்யாணத்துக்கு வராது, குழந்தை பிறந்தால் வராது. மருமகள் கிணற்றில் விழுந்தால் வரும். போர்க்களம் என்றால் வரிக்கு வரி வரும். ஆம்பிளைகள் ரசனை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

இன்றைக்கு அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கதைக்குத்தான் அழுகிறார் என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, கட்டிலின் தலைமாட்டில் வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தது. இமைக்காமல் பார்த்தது. எட்டு மாதமாக அவர் அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது மெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு விரலை அவர் தொண்டையில் வைத்தாள். வாசித்தாள். "தந்தி வந்த வீட்டில் பெரியவள் மயங்கி விழுந்தாள்."

"ம்."

விரலுக்கு அடியில் ஒன்றும் அதிரவில்லை.

இன்னொரு வரி வாசித்தாள். இன்னொரு "ம்". தொண்டை அசையாமல் கிடந்தது. சத்தம் நாற்காலியிலிருந்து வந்தது. காலி நாற்காலி. அதன் பின்கால் இரண்டும், ஆள் சாய்ந்து உட்கார்ந்தால் வளைகிற மாதிரி, கொஞ்சம் வளைந்திருந்தன.

மெர்சி வாசிப்பதை நிறுத்தினாள்.

ஜான்சனின் மார்பு ஏறவில்லை. போர்த்தியிருந்த துப்பட்டி அவர் நெஞ்சின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து இறங்கியது. உதடு கறுத்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் அடுத்த வரியை வாசித்தாள். குழி மேலே எழும்பியது. மூச்சு வந்தது.

போன் சமையல்கட்டில் சார்ஜில் கிடந்தது. பத்தடி தூரம். சுவருக்கு அந்தப் பக்கம் அன்வரி பேகம் இருக்கிறாள், கூப்பிட்டால் ஓடி வருவாள். கூப்பிடுவது எப்படி? ஆயிரம் கொலைக் கதை படித்தவள் ஒரு தந்திரம் செய்தாள். வாசிக்கிற குரலிலேயே, சத்தமாக, "அப்போது பக்கத்து வீட்டு அன்வரி பேகம் உடனே ஓடி வந்தாள்," என்றாள்.

"ம்ஹூம்."

துப்பட்டி குழிந்தது. இந்த முறை அது எழும்ப மூன்று வரி ஆயிற்று.

புத்தகத்தில் இரண்டு பக்கம் இருந்தது. அதில் எல்லாரும் ஒன்று சேர்கிறார்கள். பிரிந்த அண்ணன் தம்பி கட்டிக்கொள்கிறார்கள். அவள் வாசிக்க, நாற்காலி உம் கொட்டவில்லை. ஜான்சன் மூச்சு விடவில்லை. அவள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததைச் சொன்னாள். தம்பி பாம்பு கடித்துச் செத்தான்.

"ம்."

மூச்சு வந்தது. அண்ணனை லாரியில் அடிபடவைத்தாள். "ம்." பெரியவளைத் தூக்கில் தொங்கவிட்டாள். நேற்று அவளுக்காக மெர்சியே அழுதிருந்தாள். "ம்." தொட்டிலில் இருந்த பிள்ளையையும் விடவில்லை. அதற்கு வந்த "ம்" அவள் காதருகே வந்துவிட்டது. பச்சைத் தோல் வாடை அவள் கழுத்தில் பட்டது.

பிறகு யாரும் இல்லை. வீடு முழுக்கச் செத்தாயிற்று. அவள் தொண்டை கட்டிவிட்டது.

"ம்?" என்று கேட்டது.

துப்பட்டி இறங்கியது. ஜான்சனின் கண் பிதுங்கியது. மெர்சிக்குப் பெயர் வேண்டும். ஏதாவது ஒரு பெயர். படித்த நாவல் அத்தனையும் மறந்துபோயிருந்தது. தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.

"அந்த வீட்டுக்கு," என்றாள் மெர்சி, "ஒரு மகள் இருந்தாள். மழையில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள்."

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது.

"ம்ம்ம்ம்."

இவ்வளவு நீளமாக, இவ்வளவு ஆசையாக அது ஒருநாளும் உம் கொட்டியதில்லை. உட்கார்ந்திருந்த ஆள் எழுந்துவிட்ட மாதிரி, பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் நேராயின. ஜான்சனின் மார்பு தாராளமாக ஏறி இறங்கியது. வாசலில் கேட் திறந்தது.

"ம்."

செருப்பைக் கழற்றி உதறுகிற சத்தம்.

"ம்."

வராதே என்று சொல்ல மெர்சி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குரல் எங்கேயோ தீர்ந்துபோயிருந்தது. தொண்டையிலிருந்து எடுக்க மறந்த இரண்டு விரல்களுக்கு அடியில், எட்டு மாதத்தில் முதல்முறையாக, ஜான்சனின் தொண்டை அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே இருந்தது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை.

"யம்மா, இன்னா வாடை இது?" என்று கேட்டபடி கிறிஸ்டினா வாசல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் வந்த பிறகும் திரை விழவில்லை. அடுத்து வருகிறவர் கையில் பிடித்திருப்பது மாதிரி, அவள் தலைக்கு மேல், அப்படியே தூக்கி நின்றது.