மூன்றாவது சம்மதம்

2018 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஜப்பானின் சகாத்தாவில் கடற்காற்றோடு பனி பக்கவாட்டில் வீசிக்கொண்டிருந்தது. நான் என் கருவிவண்டியைத் தள்ளிக்கொண்டு மருத்துவமனையில் தொகாஷியின் அறைக்குள் நுழைந்தேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. தசைகளைத் தின்னும் நோய் இமைகளின் அசைவையும் எடுத்துக்கொண்டுவிட்டது. மூச்சு சில நாள்களே தாங்கும். தொண்டையைத் துளைத்துச் சுவாசக் கருவி பொருத்தலாம். பொருத்திவிட்டால் எடுக்க மாட்டார்கள். வேண்டுமா என்பதை அவரே சொல்ல வேண்டும்.

அவர் தலையில் மின்கம்பித் தொப்பி. காதில் இரண்டு ஒலிகள்: ஒரு பெண்ணின் சிரிப்பு, ஒரு பெண்ணின் விம்மல். ஆம் என்றால் சிரிப்பைக் கவனிக்க வேண்டும். இல்லை என்றால் விம்மலை. கவனித்த ஒலியை அடுத்து, திரையில் ஓடும் மூளையலையில் ஒரு மேடு எழும். மணியோசைக்கு அசையாத மனமும் மனித விம்மலுக்குத் திரும்பிப் பார்க்கும். வேறு எவையெல்லாம் திரும்பிப் பார்க்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

பெயர் தொகாஷியா என்று சோதனைக்குக் கேட்டேன். சிரிப்பு. சுவாசக் கருவி வேண்டுமா என்றேன். விம்மல். மறுபடியும் விம்மல்.

தொப்பியைக் கழற்றப்போன என் கையை அவர் மனைவி யாசுயே தடுத்தார்.

"இன்னொரு தடவை கேளுங்க, ஓகுமா-சான். டீ குடுத்தாக்கூட ரெண்டு தடவை வேணாம்பாரு. அடுத்தவங்களுக்குச் சிரமமாம். என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சதே மூணாவது தடவைதான்."

நானும் அப்படி வளர்ந்தவன்தான். கேட்டேன்.

சிரிப்பு.

யாசுயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்மதப் படிவம் வாங்க வெளியே போனார். நான் திரையைப் பார்த்தேன்.

மேடு சிரிப்பொலிக்குப் பின் எழவில்லை. முன்பே எழுந்திருந்தது.

சிரிப்பு ஒலித்த பத்து முறையும்.

ஒலிகளின் வரிசையை வண்டியிலுள்ள பெட்டியே கலைத்துப் போடும். அடுத்து வருவது எதுவென்று எனக்கே தெரியாது.

அறையில் கடல்நீரில் ஊறிய துணியின் வாடை. குனிந்து, மெல்லக் கேட்டேன்.

"நீங்க தொகாஷி-சான்தானே?"

விம்மல்.

"அவர் உள்ள இருக்காரா?"

சிரிப்பு.

"அவருக்குக் கருவி வேணுமா?"

விம்மல்.

"உங்களுக்கு?"

சிரிப்பு.

ஒலியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினேன். நிரசாவா டாக்டரிடம் ஓடி, கண்டதைச் சொன்னேன். களைத்த மூளை அப்படித்தான் உளறும் என்றார் அவர்.

"அந்தம்மா முப்பது வருஷம் குடும்பம் நடத்தியிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாதது உன் பெட்டிக்குத் தெரியுமா?"

யாசுயேயிடமும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"வேணும்னுட்டாரு, ஓகுமா-சான். போதும்."

மூவரும் அறைக்குத் திரும்பினோம். தொப்பி வண்டியின் மேல் கிடந்தது, எந்தத் தலையிலும் இல்லாமல்.

திரையில் மேடு எழுந்தது.

யாசுயே குனிந்து, கையெழுத்திட்ட தாளை இரு கைகளாலும் நீட்டினார். டாக்டர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.