குடற்கரம் அறியாத வயிறு

“இந்த உடலில் எனக்கு வழி தெரியவில்லை. எடையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றது குடற்கரம் என்ற அறுவை எந்திரம்.

மேசையில் படுத்திருந்த ஒல்லியான டாக்டர் வைரமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. தூத்துக்குடியில் அந்த எந்திரத்துக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இப்போது அவருடைய பெருங்குடலில் ஒரு கட்டி. நாள் கடத்தினால் ஈரலுக்குப் பரவிவிடும்.

தப்பு எங்கே நடந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். பருத்த வயிற்றைத் திறக்க எந்த மருத்துவருக்கும் மனம் வருவதில்லை. கொழுப்பை விலக்கி விலக்கியே கை ஓய்ந்துவிடும். ஆகவே ஒல்லிகளைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, பருத்தவர்களைக் குடற்கரத்திடம் தள்ளிவிட்டார்கள். அதுவும் கொழுப்பைத் தடவித் தடவியே இரத்தக்குழாய் எங்கே, குடல் எங்கே என்று படித்துக்கொண்டது. வருடங்கள் போகப் போக ஊரே பருத்தது. கத்தி பிடித்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். மிச்சம் இருந்தது வைரமணியின் கை மட்டும். தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொள்ள முடியுமா?

செய்தி கேட்டு ஓடிவந்தார் இருதயமேரி. குடற்கரம் தொட்ட முதல் வயிறு அவருடையது. நெய்ச்சோறும் மக்ரூனுமாக ஊட்டிப் பார்த்தார். ம்ஹூம், எதுவும் வைரமணியின் உடம்பில் ஒட்டவில்லை.

“ஊட்டுனது போதும் டாக்டரம்மா. அதுக்குத் தெரியலன்னா தெரிஞ்சுக்கிடட்டும். யாராவது மொதல்ல படுக்கணும்லா?”

“தப்பாப் போச்சுன்னா?”

“என்னைய மட்டும் தெரிஞ்சா வெட்டுச்சு?”

மறுவாரம், ‘வழி தெரியாவிட்டாலும் திறக்கலாம்’ என்ற ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வைரமணி மறுபடியும் அதே மேசையில் படுத்தார். அவர் அடம்பிடித்ததால் மேரியையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

“அன்னைக்குப் பயந்தீங்களா மேரி?”

“பயப்படாம? மயக்கம் வாரதுக்கு முந்தி கைய நீட்டித் துழாவுனேன். இரும்புதான் தட்டுப்பட்டுச்சு. நீங்க அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்திய.”

குறை சொல்லும் குரலாக இல்லை.

குடற்கரம் மெல்லக் கீழே இறங்கியது. எத்தனையோ வயிறுகளைத் திறக்கச் சொன்னவருக்கு இப்போது உடம்பெல்லாம் நடுங்கியது. அவரை அறியாமல் கை நீண்டது.

“நோயாளி அசைகிறார். மயக்க மருந்தைக் கூட்டுகிறேன்” என்றது குடற்கரம்.

அது வைரமணியின் சொந்த வாக்கியம். அன்று கண்ணாடி அறையில் உட்கார்ந்து, திரையில் துழாவிய மேரியின் கையைப் பார்த்தபடி அவர் சொன்னது. எந்திரம் ஒரு சொல்கூட மாற்றாமல் கற்றுவைத்திருந்தது.

மேரி வைரமணியின் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி எந்திரத்தை அதட்டினார்.

“செத்தப் பொறுடே! பயந்தா கை இப்படித்தான் துழாவும். இதையும் படிச்சுக்கோ.”

குடற்கரம் அப்படியே நின்றது. வைரமணியின் நடுக்கம் அடங்கும்வரை அது அசையவே இல்லை.