வெள்ளையடித்த பாத்தி

லுஜைனின் அம்மா ஹனான், ஜோர்டான் நாட்டில் மாதபா ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் உயிரியல் ஆசிரியை. காட்டுப்பூ என்றால் அவருக்கு உயிர். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய்ப் பூப் பார்ப்பார். லுஜைனுக்கு மானம் போகும்.

இந்த வசந்தத்தில் கல்லூரிக்குப் பின்னால் இருந்த சரிவில் பதினேழு கருப்பு ஐரிஸ் பூத்திருந்தன. யாரும் நடாமல் தானாக வந்தவை. அம்மா தினமும் போய் எண்ணிவிட்டு வருவார்.

சனிக்கிழமை கல்லூரிக்கு விருந்தினர்கள் வருவதாக இருந்தது. பின்பக்கக் களையை எல்லாம் வெட்டச் சொல்லி முதல்வர் உத்தரவு போட்டுவிட்டார். அம்மா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். முதல்வர் மசியவில்லை.

அன்று காலை அம்மா தேர்வு அறையில் மாட்டிக்கொண்டார். பூக்களுக்குக் காவலாக லுஜைன் மட்டும் நின்றாள். தோட்டக்காரர் அபூ மிஷால் புல் வெட்டும் இயந்திரத்தோடு வந்தார்.

"மாமா, இது பூ! வெட்டாதீங்க!"

"பூவா? யாரு நட்டாங்க? பாத்தி எங்க? சுத்திக் கல்லு எங்க? கல்லுக்கு வெள்ளையடிச்சிருக்கா? அதெல்லாம் இருந்தாத்தான் பூ. இல்லேன்னா களை. முப்பது வருஷமா தோட்டம் போடறேன், எனக்கே சொல்றியா?"

"ஆனா மாமா..."

"அந்தக் கோடியிலேருந்து வெட்டிட்டு வரேன். அதுக்குள்ள நகர்ந்துடு பாப்பா."

லுஜைன் ஒரு நிமிடம் யோசித்தாள். சுவரோரம் அவருடைய சுண்ணாம்பு வாளியும் பிரஷ்ஷும் இருந்தன. அந்தச் சரிவில் கல்லுக்கா பஞ்சம்? ஓடி ஓடிப் பொறுக்கினாள். பூக்களைச் சுற்றி வட்டமாக அடுக்கினாள். பிரஷ்ஷை முக்கி முக்கி அடித்தாள். கல்லில் பாதி, கவுனில் பாதி.

இயந்திரச் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. சட்டென்று நின்றது.

"இது யாரு போட்ட பாத்தி?"

"நான்தான் மாமா. கல்லு வெச்சாச்சு. வெள்ளையும் அடிச்சாச்சு."

அபூ மிஷால் தலையைச் சொறிந்தார். குனிந்து, ஒரு பூவை முதல்முறையாகக் கிட்டத்தில் பார்த்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை.

"வல்லாஹி, சத்தியமா பாத்தியேதான்! ஆனா இந்தக் கல்லுல வெள்ளை சரியாப் படல. குடு இப்படி" என்று பிரஷ்ஷை வாங்கி அவரே அடித்து முடித்தார்.

விருந்தினர்கள் வந்ததும் அங்கேதான் நின்றார்கள். படம் படமாக எடுத்துத் தள்ளினார்கள். "எங்க காலேஜ் பூவாக்கும்!" என்று முதல்வர் நெஞ்சை நிமிர்த்தினார்.

தேர்வு முடிந்ததும் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். ஒன்று, இரண்டு... பதினேழு! சுண்ணாம்பும் கையுமாக நின்ற மகளைக் கட்டிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்து, லென்ஸை எடுத்து, ஆசையோடு ஒரு கல்லைத் தாண்டிக் காலை வைத்தார்.

"டீச்சர்!" என்று அதட்டினார் அபூ மிஷால். "பாத்தில மிதிக்காதீங்க. பூ இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"