நான்காவது முடிச்சு

மூன்று திங்கட்கிழமைகள் அளந்தாயிற்று. நூலில் நான்கு முடிச்சுகள் இருந்தன.

ஸ்வர்ணலதா அந்தச் சிவப்புப் பட்டுநூலைத் தறியின் கால்மரத்து ஆணியிலிருந்து எடுத்து, விரல் நுனியால் தடவி மறுபடி எண்ணினாள். கண்ணை அவ்வளவாக நம்புகிறவள் இல்லை அவள். இருபது வருடமாக ஆரணித் தறிகளுக்குப் பாவு என்கிற நெடுக்கு இழைகளை இணைத்துக் கொடுக்கிறவள். தறியில் தீர்ந்துபோன பழைய பாவின் இழையோடு புதுப்பாவின் இழையைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் வலம் ஒரு முறுக்கு, இடம் ஒரு முறுக்கு. அவ்வளவுதான், எந்த இடத்தில் சேர்த்தாள் என்று நெய்கிறவனுக்கே தெரியாது. பிப்ரவரியில் குளிக்கும்போது இடது மார்பில் கட்டியைக் கண்டுபிடித்ததும் அந்த விரல்கள்தான். இப்போதும் அவை நான்கு என்றே சொல்லின.

நூலால் அளக்கச் சொன்னது சுகன்யா. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ். ஏப்ரல் முதல் வாரம் ஆபரேஷன் என்று தேதி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. தேதியும் போயிற்று.

"வார்டெல்லாம் கொரோனாக்கு குடுத்துட்டாங்கக்கா. வாரத்துக்கு ரெண்டே ரெண்டு ஆபரேஷன். யாருக்கு ஜல்தியா வளருதோ அவங்களதான் முதல்ல கூப்பிடறாங்க" என்று போனில் சொன்னாள் சுகன்யா. "நீங்க இங்க வந்து காட்டவும் முடியாது. வூட்ல நூல் இருக்கில்ல? நுனிய கட்டியோட ஒரு ஓரத்துல வெச்சு, இன்னொரு ஓரம் எங்க வருதோ அங்க ஒரு முடிச்சு போடுங்க. திங்கக்கெழம திங்கக்கெழம ஸ்கேல்ல வெச்சு எனக்குச் சொல்லுங்க."

முதல் முடிச்சு மூன்று சென்டிமீட்டர். பிறகு மூன்றே கால், மூன்றரை. யாரும் போடாத நான்காவது, சரியாக நான்கில் இருந்தது.

"நீயே போட்டிருப்ப லதா" என்றார் அவள் புருஷன் பரசுராமன். குறுக்கே நெய்கிற ஊடை நூல் தீர்ந்துபோய்ப் பாதிச் சேலையோடு நின்றுவிட்ட தறியின் பக்கத்தில், பாயில் மல்லாந்து படுத்திருந்தார். "மாத்திர போட்டா தலைய சுத்துதுன்னு சொல்லிகினு இருந்தியே."

இருக்கலாம் என்று அவளும் நினைக்கப் பார்த்தாள். ஆனால் அந்த முடிச்சின் மேல் சாம்பல் ஒட்டியிருந்தது. வீட்டில் யாரும் சாம்பல் கிண்ணத்தைத் தொட்டு ஒரு மாதமாகிறது. ஊசி முனையால் நெம்பி அதை அவிழ்த்தாள். பட்டு லேசில் மறக்காது. முடிச்சு இருந்த இடத்தில் நூல் சின்னதாக நெளிந்தே கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம். ஒரு மணிக்கே கடைகளை அடைத்துவிட்டுத் தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் போயிருந்தார்கள். அந்த நெடி ஜன்னல் வழியாக ஈரமாக உள்ளே வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வீட்டுக்கு வீடு அடித்துக்கொண்டிருந்த தறிச் சத்தம் ஒரேயடியாக நின்றுபோனதில், தண்ணீர்க் குடத்தில் எறும்பு விழுந்தால்கூடக் கேட்கும்போல இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அளந்தாள். கட்டியின் மறு ஓரம், நூல் நெளிந்திருந்த அதே இடத்தில் வந்து நின்றது.

அந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டாள். நான்கு என்று சுகன்யாவிடம் சொன்னாள்.

"பாப்போம்க்கா" என்றாள் சுகன்யா.

செவ்வாய்க்கிழமை காலையில் நூலில் மேலும் மூன்று முடிச்சுகள் இருந்தன.

அதைத் தூக்கி அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. பயத்தைவிட இன்னொன்று அவளைப் பிடித்துக்கொண்டது, ஆசை. எப்படியும் அந்த அளவுக்கு வளரத்தான் போகிறது என்றால், வளர்ந்துவிட்டது என்று முன்கூட்டியே சொன்னால் என்ன? சாகப் பயந்தவளுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் அளக்கவே இல்லை. கடைசி முடிச்சை ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள்.

"ஆறு."

மறுமுனையில் சுகன்யா தாளைப் புரட்டினாள். "போன வாரம் நாலுன்னீங்களேக்கா?"

"வளந்துகினே கீதும்மா. ராவெல்லாம் தூக்கமில்ல."

"சரி. வியாழக்கெழமைக்கு தெள்ளார்லேர்ந்து சின்னம்மான்னு ஒருத்தங்க வரணும். ரெண்டு வாட்டி தள்ளிப் போட்டாச்சு, பாவம். டாக்டர்கிட்ட சொல்லி அவங்கள நிறுத்திட்டு உங்களப் போடறேன். வண்டிக்கு பாஸ் எடுத்துடுங்க."

வேண்டாம், அவர்களே வரட்டும் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஸ்வர்ணலதா அதை விழுங்கிவிட்டாள்.

போனை வைத்ததும் மார்புக்குள் எதுவோ சுண்டியது. வலி இல்லை. பாவு விறைப்பாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு விரலால் இழையைத் தெறித்துவிடுவாளே, அதே சுண்டல். ஜாக்கெட்டை அவிழ்த்து நூலை வைத்து அளந்தாள். காலையில் குளிக்கும்போது கைக்கு எலுமிச்சங்காய் அளவே இருந்தது. இப்போது ஆறு. முடிச்சுக்கு ஒரு மயிரிழை முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அதற்கப்புறம் நூலில் முடிச்சு எதுவும் விழவில்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் பத்துத் தடவையாவது போய்ப் பார்த்தாள். இனிமேல் வளராது போலிருக்கிறது என்று பரசுராமனிடம் சொல்லிச் சிரித்தாள். நூல் மட்டும் கொஞ்சம் குட்டையானது மாதிரி இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை வந்தது. தெருமுனையில் தகரம் வைத்து அடைத்திருந்ததால் கார் உள்ளே வர வழியில்லை. பாஸைப் போலீஸ்காரரிடம் காட்டப் பரசுராமன் முன்னால் போய்விட்டார். ஸ்வர்ணலதா ரிப்போர்ட்டுகளைப் பையில் வைத்து, முகக்கவசம் கட்டி, விளக்கைக் கும்பிட்டாள். போகும்போது அந்த நூலை அடுப்பில் போட்டுவிட்டே போவது என்று ஆணிக்குக் கை நீட்டினாள்.

ஆணியில் நூல் இல்லை.

கீழே விழுந்திருக்கும். தேட நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நிலைப்படிக்கு இரண்டடி இருக்கும்போது மார்பு பின்னால் இழுத்தது.

நின்றாள். குனிந்து பார்த்தாள்.

முந்தானைக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு இழை இறங்கித் தரையோடு தரையாகத் தறிவரை போயிற்று. முழம்கூட இல்லாத நூல் எப்படி அறையின் நீளத்துக்கு வந்தது என்று யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. விரலால் தொட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள். இழை தறிக்குள் ஏறிப் பாவோடு சேர்ந்திருந்தது. சேர்ந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. சாம்பல். வலம் ஒரு முறுக்கு, இடம் ஒரு முறுக்கு.

அவள் கைவேலை.

மறுமுனையைத் தேடி ஜாக்கெட்டுக்குள் கைவிட்டாள். நுனி இருக்க வேண்டும். எல்லா நூலுக்கும் நுனி உண்டு. தடவினாள். நூல், நூல், நூல், பிறகு தோல். எங்கே நூல் முடிந்தது, எங்கே தோல் தொடங்கியது? இருபது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக அவள் ஒரு இழையைக்கூட இணைத்ததில்லை. விரலை வெளியே எடுத்தாள். நுனியில் சாம்பல்.

தறியோரத்தில் கிடந்த கத்தரியை எடுத்தாள். உடம்பிலிருந்து ஒரு கை தூரத்தில், நூலின் மேல் வைத்தாள்.

இரும்பு ஜில்லென்றது. விரலில் இல்லை. நூலில்.

கத்தரி கீழே விழுந்தது. போன் அடித்தது. எடுத்தாள்.

"கெளம்பிட்டியா லதா? டிரைவர் பேஜார் பண்றான். ஜல்தி வா."

வாயைத் திறந்தாள். எதிரே, ஆள் இல்லாத தறிக்குழியில் மிதிகட்டை ஒன்று மெதுவாகக் கீழே இறங்கியது. ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா குறுக்கே ஓடியது. அச்சுப்பலகை அடித்தது.

டக்.

மார்பு இழுத்தது. ஓரடி முன்னால் வந்தாள்.

டக்.

இன்னும் ஓரடி. பை நழுவியது. ரிப்போர்ட்டுகள் தரையில் சிதறின. தறியைப் பிடித்துக்கொள்ளக் கை நீட்டினாள். பாதிச் சேலைக்கு மேல் இரண்டு விரற்கடை புதிதாக நெய்திருந்தது. கை அதில் பட்டது. மெத்தென்று இருந்தது. சூடாக இருந்தது. சிவப்பில்லை. அவள் நிறம்.

"லதா?" போனில் பரசுராமன் குரல். "இன்னா அது, நம்ம வூட்ல தறி சத்தம் கேக்குது? யாரு நெய்யறது?"

டக்.

துணி சுருளும் உருளை, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றியது.